குதிரையை அறியலாம், பணம் கட்டலாமா?

இறைவன் தன் அருள்மறையில் ஓர் அத்தியாயத்தையே குதிரைகளின் மீது ஆணையிட்டுத் தொடங்குகின்றான். மூச்சிரைக்க விரையும் குதிரைகள், குளம்பு பட்ட இடத்தில் தெறிக்கும் தீப்பொறி, அதிகாலையில் எழும் புழுதிப் படலம் ஆகிய காட்சிகளை ‘அல்ஆதியாத்’ என்னும் நூறாவது அத்தியாயம் நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகின்றது. அடுத்து அதே அத்தியாயம், மனிதன் தன் இறைவனுக்கு நன்றி கெட்டவனாய் இருப்பதையும், பொருளின் மீது கடும் மோகம் கொண்டிருப்பதையும் இடித்துரைக்கின்றது. குதிரையும் பொருளாசையும் ஒரே இடத்தில் பேசப்பட்டிருப்பதை அன்பர்கள் நெஞ்சில் நிறுத்திக்கொண்டு மேலே படிப்பார்களாக.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பந்தயத் திடல் கிடையாது. நெல்லும் கரும்பும் விளையும் ஊர்கள் இவை. எனினும் பந்தயத்திற்குத் தொலைவு ஒரு தடையன்று. ஒரு காலத்தில் இன்ன குதிரை ‘வின்’, இன்ன குதிரை ‘பிளேஸ்’ என்று ஆரூடம் கூறும் சிறு புத்தகங்களைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு கிண்டிக்குப் பேருந்து ஏறியவர்கள் உண்டு. இன்று பேருந்தும் வேண்டியதில்லை. பெங்களூர், மைசூர், ஐதராபாத், மும்பை, புனே நகரங்களின் ஓட்டங்களுக்குரிய ‘டிப்ஸ்’ கைப்பேசிக்கே வந்து சேர்கின்றன.

இதைத் தவறென்று சொன்னால், படித்த இளைஞர் ஒருவர் இப்படிக் கேட்கலாம்: “ஹஜ்ரத், இது கண்ணை மூடிக்கொண்டு ஆடும் ஆட்டமா? குதிரையின் பழைய ஓட்டங்களை ஆராய்ந்து கணக்கிட்டுத்தானே கட்டுகிறோம்? இது திறமைக்குரிய ஆட்டம் என்று உச்ச நீதிமன்றமே கூறிவிட்டதே?”

இக்கேள்வியை அலட்சியம் செய்தல் முறையன்று. விடை காண்போம்.

நீதிமன்றம் ஆராய்ந்தது எது?

கிண்டியில் 1777-ஆம் ஆண்டு முதலே குதிரைப் பந்தயம் நடந்து வந்தது. மதராஸ் ரேஸ் கிளப் 1896-இல் நிறுவப்பெற்றது. ஏழைகளின் குடும்பங்கள் பந்தயத்தால் பாழாகின்றன என்ற குறை நெடுநாள் ஒலித்து, 1974-இல் கலைஞர் கருணாநிதியின் ஆட்சியில் பந்தய ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வழக்குகள் எழுந்தன. 1986-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள மற்றொரு சட்டம் வந்தது. இறுதியில் 1996 ஜனவரி 12 அன்று, டாக்டர் கே.ஆர்.லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கிற்று. குதிரைப் பந்தயத்தில் வெற்றி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது. ஆதலின் அது சட்டம் குறிப்பிடும் சூதாட்டமாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். பின்னர் 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கிண்டி நிலத்தின் குத்தகையை ரத்துச் செய்தது வேறு கதை. அது நிலத்தையும் வாடகையையும் பற்றியது.

நாட்டின் சட்டத்தை நாம் மதிக்கின்றோம். ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வெற்றி திறமையால் வருகின்றதா, தற்செயலால் வருகின்றதா என்பது நீதிமன்றம் ஆராய்ந்த கேள்வி. பணம் யாரிடமிருந்து யாருக்கு, எதன் பொருட்டுப் போகின்றது என்பது மார்க்கம் கேட்கும் கேள்வி. முதற் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் உரியதென்று கொள்வதே அந்த இளைஞரின் பிழை.

பெருமானார் நடத்திய பந்தயம்

இஸ்லாம் குதிரையையும் அதன் ஓட்டத்தையும் வெறுக்கும் மார்க்கமன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியுள்ளார்கள். இதனை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களும் பதிவு செய்துள்ளன. உடல் இறுகப் பழக்கப்பட்ட குதிரைகளுக்கு அல்ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓட்டம். அது ஐந்தாறு மைல் தூரம் என்பர். அவ்வாறு பழக்கப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரு மைல் அளவே ஓட்டம். இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள்.

பழக்குதல் என்பதும் ஒரு கலையே. முதலில் குதிரையை நன்கு கொழுக்கத் தீனியிடுவர். பின்னர் தீனியைச் சிறிது சிறிதாகக் குறைத்து, போர்வை போர்த்தி வியர்க்கச் செய்வர். இங்ஙனம் ஊளைச்சதை கரைந்து உடல் உரம் பெறும். எக்குதிரை எந்நிலையில் உள்ளது, எவ்வளவு தூரம் தாங்கும் என்று கணித்து, நிகருக்கு நிகர் ஓடவிட்ட நீதியையும் இங்கே காண்கின்றோம். ஆகவே குதிரையின் தரம் அறிதல் பழிக்கத்தக்கதன்று. அது போற்றத்தக்க அறிவாகும்.

ஓட்டக் கணிப்பின் எல்லை

இன்றைய பந்தயப் புத்தகத்தைத் திறந்தாலும் அவ்வறிவின் கூறுகளே தென்படுகின்றன. குதிரையின் வயது, தாய் தந்தை, முந்தைய ஓட்டங்களில் அது பெற்ற இடம், 1,000 மீட்டரில் வல்லதா 1,600 மீட்டரில் வல்லதா என்பது, தரையின் ஈரம், புறப்படும் வாயிலின் எண், ஜாக்கி, பயிற்சியாளர், விடியற்காலைப் பயிற்சியில் ஓடிய நேரம் என்று பட்டியல் நீளுகின்றது. இவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதையே ‘ஃபார்ம்’ பார்த்தல் என்கின்றனர்.

ஆனால் இக்கணிப்பை முறியடிப்பதற்கென்றே ஒருவர் அங்கே அமர்த்தப்பட்டிருக்கின்றார். ‘ஹாண்டிகேப்’ பந்தயங்களில் குதிரைகளுக்குச் சுமை வகுப்பவர் அவர். நன்கு ஓடிய குதிரைக்கு எடையைக் கூட்டுவார், பின்தங்கியதற்குக் குறைப்பார். ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தில் ஈயத் தகடு வைத்து நிரப்புவர். எல்லாக் குதிரைகளும் ஒரே வரிசையாய் வந்து சேரவேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் குறிக்கோள். வீட்டில் அமர்ந்து ஆராய்பவர் கண்டறியும் உண்மைகளை, அவருக்கு முன்னரே கண்டறிந்து எடையாக மாற்றிவிட்டனர். எஞ்சியிருப்பது குதிரைக்கு அன்று காலை வயிறு சரியாக இருந்ததா, வளைவில் வழி கிடைத்ததா என்பன போன்ற, மறைவானவற்றை அறியும் இறைவனுக்கே வெளிச்சமானவை.

பணம் யாருடையது?

சரி, கணிப்பு பலித்துவிட்டது என்றே கொள்வோம். கைக்கு வரும் பணம் யாருடையது?

‘டோட்’ முறையின் மூலம் பிரெஞ்சு நாடே. 1860களில் பாரிஸில் ஜோசப் ஓலர் என்பவர் இதனை வகுத்தார். ‘பாரி மியூச்சுவேல்’ என்று அதற்குப் பெயர். கட்டுவோர் தமக்குள் ஒருவருக்கொருவர் கட்டும் பந்தயம் என்பது பொருள். பிரான்சில் வாழும் நம் புதுவை உறவினர்கள் அங்குள்ள காபிக் கடைகளில் ‘பி.எம்.யூ.’ என்னும் பலகையைக் கண்டிருப்பர். அதன் முதல் இரு எழுத்துகள் குறிப்பது இதனையே.

பத்துப் பேர் ஆளுக்கு நூறு ரூபாய் கட்டினால் ஆயிரம் சேரும். வரியும் கழிவுமாக முந்நூறு போகின்றதென்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். மீதி எழுநூறு. வென்ற குதிரையின் மீது ஒருவர் மட்டும் கட்டியிருந்தால் எழுநூறும் அவருக்கே. ஒரே புத்தகத்தைப் படித்த ஏழு பேர் அதே குதிரையின் மீது கட்டியிருந்தால் ஆளுக்கு நூறுதான் கிடைக்கும். ஆரூடம் பலித்தது, ஆதாயமில்லை! குறிப்பு எத்துணைப் பேரைச் சென்றடைகின்றதோ அத்துணைக்கு அதன் பயன் தேய்கின்றது. வரியோ வளர்கின்றது. கட்டும் தொகைக்கு 28 விழுக்காடாக இருந்த சரக்கு மற்றும் சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடாயிற்று.

லாபமோ நட்டமோ, வந்த பணத்தின் பிறப்பிடம் ஒன்றே. அது தோற்றவனின் பணம். அவனிடம் நாம் ஒரு பொருளும் விற்கவில்லை. அவனுக்காக ஒரு நாழிகையும் உழைக்கவில்லை. அவன் இழந்தாலன்றி நமக்கு வரவில்லை.

மைஸிர் என்றால் என்ன?

இதையே அருள்மறை ‘மைஸிர்’ என்கின்றது. எளிதாய்க் கிட்டுவது என்னும் பொருளோடு இச்சொல்லைத் தொடர்புபடுத்துவர் அறிஞர். அறியாமைக் காலத்து அரபியர் ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பங்கு வைத்துப் பத்து அம்புகளைக் குலுக்கி எடுப்பர். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு, மூன்று வெறுமை. வெறுமை வந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்கவேண்டும். வென்றவர்கள் இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்கு வழங்கிப் பெருமை கொண்டாடுவர். ஏழைகளின் பசி தீர்ந்தது உண்மையே. அவ்வாறிருந்தும் அதன் பயனைவிடப் பாவமே பெரிதென்று இறைவன் அறிவித்தான் (2:219). பின்னர் முற்றாகத் தவிர்க்கக் கட்டளையிட்டு, அது மக்களிடையே பகையை மூட்டி, இறைநினைவையும் தொழுகையையும் தடுக்கின்றது என்று காரணமும் கூறினான் (5:90, 91). பந்தயத்தால் அரசுக்கு வருவாய் உண்டே, பலருக்கு வேலை உண்டே என்பார்க்கு இதுவே மறுமொழி.

பரிசு முற்றாக விலக்கப்பட்டதும் அன்று. ஒட்டகம், குதிரை, அம்பெய்தல் ஆகியவற்றிற்குப் பரிசு ஆகும் என்று ஹதீஸ் உள்ளது. ஆட்சியாளரோ வேறொருவரோ, போட்டியிடும் இருவரில் ஒருவர் மட்டுமோ பரிசளிப்பது கூடும் என்பர் சட்ட வல்லுநர். ஓட்டத்தில் பங்கில்லாத பார்வையாளர்கள் தமக்குள் பணம் கட்டி வெல்வதும் தோற்பதும் சூதேயாகும்.

இல்லத்தின் உரிமை

வாரம் ஐந்நூறு ரூபாய் கட்டும் ஒரு தந்தையை எண்ணிப் பாருங்கள். ‘சிறு தொகைதானே’ என்பார் அவர். ஆண்டுக்கு அது 26,000 ரூபாய். மனைவி மக்களுக்கு உணவும் உடையும் அளிப்பது அவர் மீது கடமை. அக்கடமைக்குரிய பணத்தைத் தான் கண்டிராத குதிரையின் முதுகில் ஏற்றுகின்றார். தன் பொறுப்பில் உள்ளோரைக் கைவிடுவதே ஒருவனுக்குப் பாவமாகப் போதும் என்னும் கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கின்றார்கள். தோற்ற வாரம் வீட்டில் சினம். வென்ற வாரம் அடுத்த வாரத்திற்கான ஆசை. ஜும்ஆத் தொழுகையில் நிற்கும்போதும் சனி ஞாயிறு ஓட்டங்களே மனத்தில் ஓடுமாயின், அருள்மறை கூறிய காரணம் அவர் நெஞ்சிலேயே மெய்ப்படவில்லையா?

இப்பழக்கத்தில் வீழ்ந்தவரை ஏளனம் செய்து மீட்க இயலாது. வீட்டார் கடன் கொடுத்து மூடி மறைத்தலும் உதவியாகாது. சம்பளம் வந்த அன்றே வீட்டுச் செலவுக்குரியதை மனைவியின் கையில் ஒப்படைக்கச் செய்யுங்கள். ஃபார்ம் பார்க்கும் அறிவுடையவர் கணக்கிலும் பகுத்தாய்விலும் வல்லவராகவே இருப்பார். அதை அவர் தம் கடைக்கும் கழனிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் பயன்படுத்தத் தூண்டுங்கள். சூதாட வா என்று தோழனை வாயால் அழைத்தவனே தருமம் செய்யட்டும் என்று பெருமானார் (ஸல்) கூறியிருக்கும்போது, ஆடியவர் மனம் திரும்பித் தருமத்தைக் கொண்டு தொடங்குவது எத்துணைப் பொருத்தம்!

குதிரையை நேசிப்போம், அதன் ஓட்டத்தைக் கண்டு படைத்தவனைப் புகழ்வோம். பிறர் இழப்பில் நம் அடுப்பை மூட்டாதிருப்போம். வல்ல இறைவன் நம் இல்லங்களுக்கு ஹலாலான உணவையும், உள்ளதில் நிறைவு காணும் உள்ளத்தையும் அருள்வானாக! ஆமீன்.