அம்மப்பா, இதுக்கங்கால என்ன?

முருங்கனிலிருந்து மன்னாருக்குப் போகும் வீதி கொஞ்சத் தூரம் கட்டுக்கரைக் குளத்தின் கட்டோரமாகவே போகும். விடியற்புறம் நாங்கள் அந்த இடத்தைத் தாண்டும்போது, வாகனத்துக்குள்ளிருந்து தலையை நீட்டிய பேரன் கேட்டான்: "அம்மப்பா, இதுக்கங்கால என்ன?" அவனுக்கு ஐந்து வயது, அவனுடைய அக்காவுக்கு எட்டு. "காடு" என்றேன். அன்று போன இடமெல்லாம் அவன் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

1979இல் எனக்கு எட்டு வயது. ஐயா என்னையும் தங்கச்சியையும் முருங்கனில் கோச்சி ஏற்றித் தலைமன்னாருக்குக் கூட்டிக்கொண்டு போனார். கப்பல் பார்க்க வேண்டும் என்று நான் அழுத அழுகைக்காகப் போன பயணம் அது. அம்மா பிட்டும் மீன்பொரியலும் வாழையிலையில் கட்டித் தந்தது நினைவிருக்கிறது. இப்போது மகளும் மருமகனும் பிள்ளைகளும் வர, அதே வழியில் நான் திரும்பப் போகிறேன்.

கட்டுக்கரை அன்று எங்களுக்கு வெறும் தண்ணீர். அருவியாற்றைத் தேக்கத்தில் மறித்து, வாய்க்காலால் கொண்டுவந்து நிறைக்கும் குளம். அது நிறைந்தால் சோறு என்பதோடு எங்கள் அறிவு முடிந்துவிடும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் குளத்தை அண்டிய இடத்தில் அகழ்ந்து சுடுமண் உருவங்களை எடுத்த பிறகுதான், நாங்கள் நெல் விதைக்கும் மண்ணுக்கும் ஒரு கதை உண்டென்று ஊரார் பேசத் தொடங்கினார்கள்.

முதலில் திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், போர்த்துக்கேயர் இடித்தது, ஆறுமுக நாவலர் 1872இல் குரல் கொடுத்த பின்பு மெல்ல மெல்ல மீண்டது. நான் சிறுவனாகக் கண்ட கோயில் இப்போது இல்லை. இந்திய அரசின் உதவியோடு கருங்கல்லில் எழுப்பி, 2022 ஜூலையில் குடமுழுக்குச் செய்தார்கள். கோயில் தீர்த்தமான பாலாவியின் தண்ணீர் மட்டும் அதே தண்ணீர். பிள்ளைகள் படியிலிருந்து காலை நனைத்து விளையாடினார்கள்.

கோயிலைச் சுற்றியுள்ள மேட்டு நிலந்தான் பழைய மாதோட்டத் துறைமுகம் இருந்த இடம். சீனக் கோப்பையும் பாரசீகச் சாடியும் உடைந்து கிடக்கும் மண். பேத்திக்குச் சீனமும் பாரசீகமும் பிடிபடவில்லை. அவளுக்குப் பிடிபட்டது ஒரு கராம்பு. 2009, 2010இல் நடந்த அகழ்வில் கருகிய ஒரு கராம்பு கிடைத்தது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முந்தியது. அந்தக் காலத்தில் கராம்பு மரம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டுந்தான் வளர்ந்தது. "அம்மம்மா இறைச்சிக்குப் போடுறதா?" என்று கேட்டாள். அதேதான் என்றேன். அது எத்தனை கடல் தாண்டி இங்கே வந்தது என்று வீடு திரும்பும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். பாடப்புத்தகம் ஒரு பக்கத்தில் சொல்வதை ஒரு கராம்பு சொல்லிவிட்டது.

திருக்கேதீச்சரத்துக்குப் போகும் அந்த வழியில், 2013 டிசம்பரில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எலும்புகள் வந்தன. அதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. வயது வரட்டும், சொல்லத்தான் வேண்டும்.

பிறகு மன்னார்த் தீவுக்குப் போகும் கடல்மேல் வீதி. இரண்டு பக்கமும் களப்பு. 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த வங்காலைச் சரணாலயம் இதை அண்டித்தான் இருக்கிறது. மாரிகாலத்தில் பூநாரைகள் வரும். 1979இல் இந்த இடத்தைக் கோச்சியில் தாண்டும்போது தங்கச்சி பயத்தில் ஐயாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். 1990இல் பாலங்கள் தகர்ந்தன, ரயில் நின்றது, தீவு தனித்துப்போனது. அந்த ஒக்டோபரில்தான் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியில், என்னோடு படித்தவனின் வீடும் பூட்டிக் கிடந்தது. அது எங்கள் கண்முன் நடந்த அநியாயம். தமிழர்களாகிய நாங்கள் அதை எங்கள் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். புதிய பாலம் 2010இல் திறந்தது. அதற்குள் இருபது ஆண்டு போய்விட்டது.

பாலம் முடிய, மன்னார்க் கோட்டை. போர்த்துக்கேயர் 1560இல் கட்டியதை 1658இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் பிடித்தார்கள். பிள்ளைகளுக்கு ஆண்டுகள் வேண்டியிருக்கவில்லை, மதில் போதுமாயிருந்தது. அங்கிருந்து பள்ளிமுனைப் பெருக்க மரத்துக்குப் போனோம். அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19.5 மீற்றர். அரபு வணிகர் கொண்டுவந்து வைத்தது என்பது ஊர்க்கதை. ஐந்து பேரும் கைகோத்து நின்று பார்த்தோம்; அரைவாசி கூட எட்டவில்லை.

நிழலில் ஒரு கழுதையும் குட்டியும் நின்றன. நான் சிறுவனாயிருந்தபோது கழுதைக்கு வேலை இருந்தது, சுமை இருந்தது, ஒரு சொந்தக்காரர் இருந்தார். லொறி வந்தது, கழுதையை அவிழ்த்துவிட்டார்கள். இன்று அவை மன்னார் நகரத்து வீதிகளில் குப்பையைக் கிளறுகின்றன, இரவில் வாகனத்தில் அடிபடுகின்றன. காயப்பட்டவற்றைப் பார்க்க ஒரு மருத்துவ நிலையம் இருப்பது ஆறுதல். பேரன் குட்டியை விட்டு வர மறுத்தான்.

பேசாலை தாண்டத் தெற்குக் கரையெங்கும் காற்றாலைகள். 2020 முடிவில் வந்த முப்பது, 103.5 மெகாவாட். பிள்ளைகள் வாய் ஓயாமல் எண்ணினார்கள். எனக்கு அந்த மகிழ்ச்சி முழுதாக வரவில்லை. மழைநீர் வடியாமல் நிற்கிறது, மீன் விலகுகிறது, வலசைப் பறவைகளின் பாதை இது என்று தீவு மக்கள் 2025இல் வீதிக்கு வந்தார்கள். இங்கே வாழ்கிறவர்களைக் கேட்காமல் இன்னொரு காற்றாலை நடக்கூடாது.

பின்னேரம் தலைமன்னார் இறங்குதுறை. தண்டவாளம் முடியும் இடம். அதற்கப்பால் சிதைந்த பழைய துறை கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. 1914இல் தொடங்கிய கப்பல் வழி இது. அக்காலத்தில் கொழும்பில் ரயில் ஏறி, இங்கே கப்பல் மாறி, தனுஷ்கோடியில் மறுபடி ரயில் ஏறிச் சென்னைக்குப் போகலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு, கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது.

1979இல் நான் இங்கே 'இராமானுஜம்' கப்பலைப் பார்த்தேன். வெள்ளையாக, வீட்டை விடப் பெரிதாக. அதைவிட நினைவில் நிற்பது கரை. மலையகத்திலிருந்து வந்த சனம் பெட்டியும் தலையணையும் பாத்திரமுமாகக் குந்தியிருந்தது. ஒரு கிழவி நெஞ்சிலடித்து அழுதாள். 1964இல் இலங்கை, இந்திய அரசுகள் போட்ட ஒப்பந்தப்படி 525,000 பேர் இந்தியாவுக்குப் போக வேண்டியவர்கள். அவர்களைக் கொண்டுவந்த ரயிலுக்கு மலையகத்தார் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அது எனக்குப் பிறகுதான் தெரியும். ஐயாவிடம் "அவை ஏன் அழுகினம்?" என்று கேட்டேன். "ஊரை விட்டுப் போகினம் மகன்" என்றார்.

எண்பதுகளின் நடுவில் கப்பல் நின்றது. ரயில் 2015 மார்ச்சில் இந்தத் துறைவரை திரும்பி வந்தது. கப்பல் வரவில்லை.

பேரன் ஈர மணலில் நின்று மேற்கே கையை நீட்டினான். "இதுக்கங்கால?" இந்தியா என்றேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "தெரியேல்லையே." ஐயா அன்று எனக்குக் கப்பலைக் காட்டி "அங்க" என்றார். நான் இவனுக்கு எதைக் காட்ட?

தனுஷ்கோடி இங்கிருந்து முப்பது கிலோமீற்றர்கூட இல்லை. நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில் ஓடத் தொடங்கியது. அதைவிடக் குறுகியது இந்தத் தலைமன்னார் வழி. ரயில் துறைவரை வருகிறது, அக்கரையிலும் இராமேஸ்வரம் வரை ரயில் போகிறது, நடுவில் கடல் மட்டுந்தான் வெறுமையாயிருக்கிறது. இரண்டு அரசுகளும் இந்தக் கப்பலை மறுபடி விடவேண்டும்.