ஈயத் தோட்டாவுக்குத் தடை... செம்புக்கு மாறும் அமெரிக்க வேட்டைக்காரர்கள்! பழைய அளவு ஏன் ஒத்துவராது?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் 2019 ஜூலை 1 முதல், எந்தக் காட்டு விலங்கைத் துப்பாக்கியால் வேட்டையாடினாலும் குண்டில் ஈயம் இருக்கக் கூடாது. 2013-ல் அப்போதைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட ஏபி 711 சட்டம், படிப்படியாக அமலாகி அன்றுதான் முழுமையானது.

நம்ம நாட்டில் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை என்றாலே வழக்குதான். அங்கே அப்படி இல்லை. உரிமம் வாங்கி, சீசன் பார்த்து மான் வேட்டைக்குப் போவார்கள். அதில் ஒரு கூட்டம் கடையில் தோட்டா வாங்காமல், வீட்டிலேயே தயாரித்துக்கொள்ளும். செம்புக்கு மாறியபோது அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது இவர்கள்தான்.

ஈயத்துக்கு ஏன் தடை?

காரணம் ஒரு பறவை. கலிபோர்னியா காண்டோர் என்ற பிணந்தின்னிக் கழுகு. இறக்கையை விரித்தால் ஒன்பதரை அடி. 1982-ல் உலகத்திலேயே 22 மட்டும்தான் மிச்சம். 1987-ல் காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்தார்கள். 1992-ல் மறுபடி காட்டில் விட ஆரம்பித்தார்கள். விட்ட பறவைகள் ஈய நஞ்சால் செத்து விழுந்தன.

எப்படி? மானைச் சுட்டதும் அங்கேயே வயிற்றைக் கிழித்து, குடலைக் காட்டில் போட்டுவிட்டு வருவது வழக்கம். ஈயம் மெதுவான உலோகம். எலும்பில் பட்டதும் தூள்தூளாகச் சிதறும். அந்தக் குடலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், நூற்றுக்கும் மேற்பட்ட துணுக்குகள் தெரிந்த சம்பவங்கள் உண்டு. காண்டோரின் வயிற்று அமிலம் அதைக் கரைத்து ரத்தத்தில் கலந்துவிடும். ஜீரண உறுப்புகள் செயலிழக்கும். உள்ளே உணவு இருந்தும், பறவை பட்டினியால் சாகும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் மருந்து இந்தியக் கழுகுகளைக் கொன்றதே, கிட்டத்தட்ட அதே கதைதான்.

கழுகு மட்டுமில்லை. 2008-ல் வடக்கு டகோட்டா மாகாணத்தில், ஏழைகளுக்கு தானமாகக் கொடுத்த மான் இறைச்சியில் ஈயத் துணுக்குகள் தெரிந்ததால், அதைக் கொடுக்க வேண்டாம் என்று சுகாதாரத் துறையே சொன்னது.

செம்பு எப்படி வேலை செய்கிறது?

செம்புக் குண்டின் மூக்கில் ஒரு சின்ன குழி இருக்கும். உடம்பில் பட்டதும் அந்தக் குழி விரிந்து, பூ இதழ் மாதிரி நாலாபக்கமும் மடங்கும். குண்டு பெரும்பாலும் உடையாமல் ஒரே துண்டாக நிற்கும். இந்த வகைக்கு முன்னோடியான பார்ன்ஸ் எக்ஸ் குண்டு, 1989-லேயே சந்தைக்கு வந்துவிட்டது. ஆக, தொழில்நுட்பம் புதுசு இல்லை.

பிறகென்ன சிக்கல்?

தோட்டா என்பது நாலு பொருள்: பித்தளை உறை, அடியில் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, மேலே குண்டு. சுட்ட உறையை எடுத்து மற்ற மூன்றையும் புதிதாக வைப்பதுதான் வீட்டுத் தயாரிப்பு. குண்டை மட்டும் செம்பாக மாற்றினால் போதாதா? போதாது.

ஈயத்தின் அடர்த்தி 11.3. செம்பு 9-க்குள்தான். அதே எடை வேண்டும் என்றால் செம்புக் குண்டு நீளமாக இருந்தாக வேண்டும். தோட்டாவின் மொத்த நீளத்தைக் கூட்ட முடியாது, துப்பாக்கிக்குள் போகாது. அதனால் கூடுதல் நீளம் உறைக்குள் இறங்கி, வெடிமருந்தின் இடத்தைப் பிடிக்கும். இடம் சுருங்கினால் அழுத்தம் எகிறும். போதாக்குறைக்கு, செம்பு கடினமானது, குழாயின் வரிகளுக்குள் லேசில் நுழையாது. அழுத்தத்தைக் குறைக்கத்தான் பல செம்புக் குண்டுகளின் இடுப்பில் வளையம் வளையமாகப் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள்.

அப்பா காலத்து நோட்டில் எழுதி வைத்த மருந்து அளவை அப்படியே போட்டால் துப்பாக்கியே வெடிக்கலாம். கையோ கண்ணோ போகலாம். அந்தக் குறிப்பிட்ட குண்டுக்கு அதன் தயாரிப்பாளர் வெளியிட்ட அட்டவணைதான் கணக்கு. அதிலும் ஆரம்ப அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, சுட்ட உறையும் பிரைமரும் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு படியிலும் பார்க்க வேண்டும். போல்ட் இறுகித் திறக்க மறுத்தால், அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

எடையைக் குறைத்தால்?

அனுபவசாலிகள் அதைத்தான் செய்கிறார்கள். .30-06 துப்பாக்கியில் 180 கிரெய்ன் ஈயம் போட்டவர்கள், செம்பில் 165 அல்லது 150-க்கு இறங்குகிறார்கள். நீளம் கட்டுக்குள் வரும், வேகமும் கூடும். வேகம் இங்கே முக்கியம். குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால் செம்பு விரியாது, ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போய்விடும். காயம்பட்ட மான் ஓடிப்போய் எங்கோ துடித்துச் சாகும். ‘செம்பு சரியில்லை’ என்று புலம்புகிறவர்களில் சிலருக்குப் பிரச்னை உலோகம் இல்லை; ரொம்ப தூரத்தில் இருந்து சுட்டதுதான்.

பழைய துப்பாக்கிகளில் இன்னொரு தலைவலி. குண்டைச் சுழல வைக்கும் வரிகள் மெதுவாகச் சுற்றினால், நீளமான குண்டு காற்றில் தள்ளாடும், குறி தப்பும். விலையும் அதிகம். சின்ன .22 துப்பாக்கிக்கு ஈயமில்லாத தோட்டா வகைகளே குறைவு.

நாடு முழுக்கத் தடை வருமா?

நீர்ப்பறவை வேட்டையில் ஈயச் சிதறல் குண்டுகளுக்கு 1991-லேயே நாடு தழுவிய தடை இருக்கிறது. ரைபிளுக்கு இல்லை. மத்திய அரசின் சரணாலய நிலங்களில் ஈயத்தை ஒழிக்க, ஒபாமா ஆட்சியின் கடைசி முழு நாளான 2017 ஜனவரி 19-ல் ஓர் உத்தரவு வந்தது. புதிதாகப் பொறுப்பேற்ற உள்துறை அமைச்சர் ரயான் ஜின்கி, மார்ச் 2-ல் அதை ரத்து செய்தார்.

பக்கத்து அரிசோனாவில் தடையே கிடையாது. காண்டோர் வாழும் பகுதியில் மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு, 2005 முதல் மாகாண அரசே ஈயமில்லா தோட்டாக்களை இலவசமாகக் கொடுக்கிறது. ஈயத்தால் சுட்டிருந்தால் குடலைக் காட்டில் போடாமல் மூட்டை கட்டி எடுத்து வாருங்கள், குலுக்கலில் பரிசு உண்டு என்றும் அறிவித்தார்கள். பெரும்பாலானவர்கள் ஒத்துழைத்தார்கள். ஆனாலும் அங்குள்ள காண்டோர்களைப் பிடித்து, ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று சோதித்து, சிகிச்சை கொடுத்து விடும் வேலை தொடர்கிறது.