படகு எங்கே?

2006 பிப்ரவரி மாதம், நியூசிலாந்தின் மானா தீவை ஒட்டிய கடல். கடற்படையில் முக்குளிப்பவராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய ராப் ஹியூவிட், சிங்கி இறாலும் கடல் முள்ளெலியும் பிடித்துக்கொண்டு மேலே வந்தார். படகு பல நூறு மீட்டர் தள்ளி நின்றது. நீந்தினார். நீரோட்டம் அவரை எதிர்ப்பக்கம் இழுத்தது. படகு சிறுத்துக்கொண்டே போய்க் கண்ணிலிருந்து மறைந்தது. அவரைக் கண்டெடுத்தபோது 75 மணி நேரம் ஆகியிருந்தது. தேடி வந்து கண்டெடுத்தவர்களும் கடற்படையில் அவருடன் இருந்த முக்குளிப்பவர்களே.

ஸ்கூபா என்றதும் பலருக்கும் ஆழம்தான் பயம் தரும். காற்று தீர்ந்துவிடுமோ, சுறா வருமோ என்ற அச்சம் அது. ஆழத்துக்கான பாடங்களைப் பயிற்சி நிலையங்கள் நன்றாகவே சொல்லித் தருகின்றன. ஆனால் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, சிலிண்டரில் காற்று மிச்சமிருக்க மேலே வந்தவர்களும் கடலில் காணாமல் போயிருக்கிறார்கள். 1998-இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்குப் போன சுற்றுலாப் படகு, ஓர் அமெரிக்கத் தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டுக் கரை திரும்பியது. தலை எண்ணியதில் பிழை. அவர்களுடைய பை படகிலேயே கிடப்பதை இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தார்கள். இருவரும் கடைசிவரை கிடைக்கவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2 நாட் வேக நீரோட்டம், மணிக்கு ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர் தூரம் ஆளை அடித்துச் செல்லும். மூன்று மணி நேரம் தாமதித்தால் 11 கிலோமீட்டர். தேட வேண்டிய வட்டத்தின் ஆரம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். அதோடு, தண்ணீருக்கு மேல் தெரியும் மனிதத் தலை ஒரு தேங்காயைவிடப் பெரிதாக இராது. அலை நுரைக்கிற கடலில் சில நூறு மீட்டருக்கு அப்பால் அதைப் பிரித்தறிவது கடினம். நீரில் கிடப்பவருக்கோ படகு நெடுந்தூரம் தெரிந்துகொண்டே இருக்கும். படகு இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே, அவர்களும் நம்மைப் பார்த்திருப்பார்கள் என்று நம்பி, எந்தச் சைகையும் காட்டாமல் காத்திருப்பவர்கள் உண்டு. அந்த நம்பிக்கை தவறு என்பதைப் பயிற்சியில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மேற்பரப்புக்கு வந்ததும் முதல் வேலை மிதப்பது. பி.சி.டி. எனப்படும் காற்றடைக்கும் அங்கியை நிரப்ப வேண்டும்; சிலிண்டரில் காற்று இல்லையென்றால் வாயால் ஊதியாவது நிரப்ப வேண்டும். அடுத்து, இடுப்பிலுள்ள ஈயக் கட்டிகளைக் கழற்றிப் போட வேண்டும். இது கேட்க எளிது. ஆனால் இறந்த முக்குளிப்பவர்களின் உடல்கள் மீட்கப்படும்போது, பெரும்பாலும் எடைப்பட்டை இடுப்பிலேயே இருக்கிறது. பணம் கொடுத்து வாங்கியது, வாடகைக்கு எடுத்தது என்ற தயக்கம் சிலருக்கு. பதற்றத்தில் கை கொக்கியைத் தேடிக்கொண்டே இருப்பது பலருக்கு. அதனால்தான் நீச்சல் குளத்தில் கண்ணை மூடிக்கொண்டு, ஒரே கையால், திரும்பத் திரும்பக் கழற்றிப் பழகச் சொல்கிறார்கள். மூளை யோசிக்காதபோதும் கை தானே போக வேண்டிய இடம் அது. முகக்கண்ணாடியையும் கால் துடுப்புகளையும் மட்டும் கழற்றவே கூடாது. முகத்தில் அறையும் அலையைச் சமாளிக்க ஒன்று, நீரில் நகர மற்றொன்று.

தொடக்கநிலை ஸ்கூபா படிப்பில் உபகரணம் எதுவும் இல்லாமல் 10 நிமிடம் மிதந்து காட்டச் சொல்வார்கள். அது அடிப்படைத் தகுதிக்கான சோதனை. நாள்கணக்கில் கடலில் கிடக்க நேர்ந்தால் வேறு எதிரிகள் வருவார்கள். முதலாவது குளிர். காற்றைவிட நீர் உடல் வெப்பத்தை ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். நம்மூர்க் கடல் போன்ற வெதுவெதுப்பான நீரும் உடலைவிடக் குளிர்ந்ததுதான். இரவெல்லாம் கிடந்தால் உடல் நடுங்கத் தொடங்கும். முழங்காலை மார்போடு அணைத்து, கைகளை உடம்போடு ஒட்டிவைத்துக் கிடந்தால் வெப்ப இழப்பு குறையும். பலர் இருந்தால் நெருங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டாவது தாகம். கடல்நீரில் சுமார் 3.5 விழுக்காடு உப்பு. சிறுநீரகத்தால் அவ்வளவு செறிவில் உப்பை வெளியேற்ற முடியாது. ஒரு மிடறு குடித்தால், அந்த உப்பைத் தள்ள உடல் அதைவிட அதிக நீரை இழக்கும்.

ஒன்றாக இருப்பதன் மதிப்பை 2008-இல் இந்தோனேசியாவின் கொமோடோ பகுதியில் அடித்துச் செல்லப்பட்ட ஐந்து ஐரோப்பியர்களிடம் பார்க்கலாம். அங்கிகளை ஒன்றோடொன்று பிணைத்துக்கொண்டு மணிக்கணக்கில் மிதந்து ரிஞ்சா தீவில் ஒதுங்கினார்கள். அங்கே கொமோடோ உடும்பைக் கல்லெறிந்து விரட்டியும், பாறையில் ஒட்டிய சிப்பிகளைத் தின்றும் தாக்குப்பிடித்தார்கள். ஐவரும் பிழைத்தார்கள். 2022 ஏப்ரலில் மலேசியாவின் மெர்சிங் அருகே பயிற்சிக்காக இறங்கிய நால்வரின் கதை அப்படி முடியவில்லை. நீரோட்டத்தில் பயிற்றுநர் மற்றவர்களிடமிருந்து பிரிந்தார்; மறுநாள் இழுவைக்கப்பல் ஒன்று அவரைத் தூக்கியது. இரண்டரை நாளுக்குப் பிறகு மற்றவர்களில் இருவரை மீனவர்கள் உயிரோடு மீட்டார்கள். உடனிருந்த 14 வயதுச் சிறுவன் அதற்குள் இறந்துவிட்டான்.

நீரோட்டத்தை எதிர்த்து நீந்துவது வீண் என்பதைப் பயிற்றுநர்கள் அழுத்திச் சொல்கிறார்கள். கரை நெருங்கினால் ஓட்டத்துக்குக் குறுக்காக நீந்தலாம். இல்லையென்றால் பலத்தைச் சேமித்துத் தேடுபவர்களின் கண்ணில் படுவதற்குச் செலவிட வேண்டும். ஆளுயரத்துக்கு எழுந்து நிற்கும் ஆரஞ்சு நிறக் காற்றுக்குழாய் அதற்கு மிக எளிய கருவி. சுருட்டினால் பைக்குள் அடங்கும். விசில், சிறு கண்ணாடி, கை விளக்கு ஆகியவை சேர்ந்தால் பகலும் இரவும் சைகை காட்டலாம். வெயிலைத் திருப்பி அடிக்கும் கண்ணாடியின் மினுக்கம் பல கிலோமீட்டருக்கு அப்பால் பறக்கும் விமானத்துக்கும் தெரியும். இவ்வளவு மலிவான பொருள்களை வாடகை உபகரணத் தொகுப்பில் சேர்க்காத நிலையங்கள் இன்னும் இருப்பது வருத்தத்துக்குரியது.

அடுத்த கட்டம் செயற்கைக்கோள். உள்ளங்கையளவுள்ள தனிநபர் அபாயக் கருவி 406 மெகாஹெர்ட்ஸில் அழைப்பு விடுத்தால், கோஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு அமைப்பின் செயற்கைக்கோள்கள் அதைப் பிடித்துத் தரை நிலையத்துக்கு அனுப்பும். இந்தியாவில் அதற்கான கட்டுப்பாட்டு மையம் பெங்களூரில் உள்ளது. கடலில் மீட்புப் பணியைக் கடலோரக் காவல்படை சென்னை, மும்பை, போர்ட் பிளேர் மையங்களிலிருந்து நடத்துகிறது. படகில் இருப்பவர்கள் அழைக்க வேண்டிய எண் 1554.

புதுச்சேரியிலோ அந்தமானிலோ திருகோணமலையிலோ இறங்கப் போகிறவர்கள் படகு ஏறும் முன் சில கேள்விகளைக் கூச்சப்படாமல் கேட்கலாம். நாங்கள் கீழே இருக்கும்போது படகில் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார்? திரும்பும்போது தலை எண்ணுவீர்களா, ஒவ்வொருவரின் பெயரையும் கூப்பிட்டுச் சரிபார்ப்பீர்களா? ஒருவர் குறித்த நேரத்தில் மேலே வராவிட்டால் எத்தனை நிமிடத்தில் கடலோரக் காவல்படைக்குச் சொல்வீர்கள்? நல்ல பயிற்றுநர் இவற்றுக்கு உடனே பதில் சொல்வார். பதில் குழறினால், அன்று கரையிலேயே இருந்துவிடலாம்.