கை பதித்த வாழ்த்து

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் பங்கு இல்லங்களில் இரு வேலைகள் ஒருசேரத் தலைதூக்கும். ஒன்று, குடில் கட்டுவதற்கு வைக்கோலும் பனை ஓலையும் சேர்ப்பது. மற்றொன்று, கிறிஸ்து பிறப்பு வாழ்த்து அட்டைகளை அனுப்புவது. முன்னதில் சிறுவர்கள் நமக்குக் கைகொடுப்பார்கள். பின்னதை நாமே செய்தாக வேண்டும். அதில் நாம் ஒருமுறை தவறிய கதையைச் சொல்லித் தொடங்குவதே முறை என எண்ணுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் பங்கிலுள்ள முந்நூறு குடும்பங்களுக்கும் வாழ்த்து அனுப்ப விரும்பினோம். அச்சிட்ட அட்டைகளை மொத்தமாக வாங்கினோம். முந்நூறு கையொப்பமிட நேரம் ஏது என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டு, நம் கையொப்பத்தையே ஒரு ரப்பர் முத்திரையாகச் செய்வித்தோம். ஒரு மாலைப்பொழுதில் எல்லா அட்டைகளிலும் குத்தி முடித்தாயிற்று. வேலை எளிதில் முடிந்ததில் நமக்குச் சற்றுப் பெருமையுங்கூட.

திருவிழா முடிந்த மறுநாள், தனியே வாழும் ஆச்சி ஒருவர் அட்டையைக் கையில் பிடித்தவாறு பங்கு இல்லத்துக்கு வந்தார். "சாமிக்குக் கை சொகமில்லையோ?" என்று கேட்டார். நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இல்ல, ஆபீசுல குத்துற மாதிரி ஊதா மையில குத்தியிருக்கீயளே, அதான் கேட்டேன்" என்றார். அது கேலி அன்று, உண்மையான கவலை. கேலியாக இருந்திருந்தால் சிரித்து மறந்திருப்போம். கவலையாக இருந்தபடியால் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

நேரமின்மை பெற்ற பிள்ளை

வாழ்த்து அட்டையின் வரலாற்றைப் புரட்டினால் நம் தவறு புதியதன்று என்பது தெரியவரும். 1840-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்கு மடல் அனுப்பும் அஞ்சல் முறை வந்தது. அதை நிறுவுவதில் துணைநின்றவர்களுள் ஒருவர் ஹென்றி கோல். மடல் மலிவாயிற்று, மடல்களும் குவிந்தன. வந்த வாழ்த்துகளுக்கெல்லாம் மறுமொழி எழுத நேரமின்றித் தவித்த அவர், 1843-இல் ஜான் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு ஓர் அட்டை வரைவித்து, ஏறக்குறைய ஆயிரம் படிகள் அச்சிடுவித்தார். முதல் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையாக எண்ணப்படுவது இதுவே. ஆக, அட்டை பிறந்ததே நேரமின்மையிலிருந்துதான். இன்று நம் குடும்பங்களில் ஒரே படத்தை ஒரு நொடியில் நூறு பேருக்குக் கைப்பேசியில் தள்ளிவிடுகிறோமே, அது அந்தக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை.

ரப்பர் முத்திரையும் அதே நூற்றாண்டின் பிள்ளைதான். 1839-இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி, வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் இருக்கும்படி செய்யும் வழியைக் கண்டார். அதன் பின்னரே அலுவலகங்களில் முத்திரைச் சத்தம் கேட்கலாயிற்று. ஆனால் முத்திரை என்பது தன்னளவில் குற்றமுள்ள பொருளன்று. குற்றம் நம் அவசரத்திலிருந்தது. அதே முத்திரையைக் கைத்தொழிலாக்கினால் என்ன என்று எண்ணி, அடுத்த ஆண்டு மறைக்கல்விச் சிறுவர்களோடு அமர்ந்தோம்.

பனியும் பனையும்

முதல் நாள் சிறுவர்கள் வரைந்த படங்களைப் பார்த்து வியந்தோம். எல்லாவற்றிலும் பனி மூடிய வீடு, ஊசியிலை மரம், சறுக்குவண்டி! கடைகளில் விற்கும் அட்டைகளில் அவர்கள் கண்டது அதுதானே. "நம் பகுதியில் பனியை யாரேனும் பார்த்ததுண்டா?" என்று கேட்டோம். "தூத்துக்குடியில பனிமய மாதா இருக்காங்களே சாமி" என்றாள் ஒரு சிறுமி. மெய்தான், நம் பகுதியில் பனி இருப்பது தாயின் பெயரில் மட்டுமே. மற்றபடி நமக்குள்ளவை பனை, உப்பளம், தோணி, தாமிரபரணி.

அந்த வாரமே சிறுவர்களை ஆதிச்சநல்லூருக்கு அழைத்துச் சென்றோம். ஆற்றின் தென்கரையில் உள்ள அந்தப் பரம்பில், 1899 முதல் அலெக்சாண்டர் ரீ என்பவர் அகழ்ந்து முதுமக்கள் தாழிகளையும் பொன் நெற்றிப்பட்டங்களையும் வெண்கலப் பொருள்களையும் எடுத்தார். நூறாண்டு கழித்து, 2004-இல் இந்தியத் தொல்லியல் துறையினர் மீண்டும் அகழ்ந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அவற்றோடு கிடைத்த பானை ஓடு ஒன்றைப் பற்றிச் சிறுவர்களுக்கு எடுத்துரைத்தோம். ஒரு பெண், மீனைக் கவ்விய கொக்கு, மான், முதலை ஆகியவற்றைக் களிமண்ணால் செய்து ஓட்டின்மேல் ஒட்டியிருக்கிறான் அந்தக் குயவன். அவன் தன் ஆற்றங்கரையில் நாள்தோறும் கண்டதையே பதித்தான். காணாத ஒன்றைக் கடன் வாங்கவில்லை.

திரும்பி வந்த சிறுவர்கள் பனி வீட்டைக் கைவிட்டனர். அவ்வாண்டு அட்டைகளில் ஓலைக் குடிலில் பாலன் இயேசு பிறந்தார். கட்டுமரத்தில் மீனவர் அவரைக் காண வந்தனர். கொக்கு ஒன்றும் வந்திருந்தது.

தலைகீழாகச் செதுக்கும் பாடம்

இல்லத்தில் செய்து பார்க்க விரும்பும் பெற்றோருக்காக முறையைச் சுருங்கக் கூறுவோம். தடித்த அட்டை, முத்திரை மைத்தட்டு, பெரிய பென்சில் அழிரப்பர், கூரிய சிறு கத்தி இவை போதும். படத்தை மெல்லிய தாளில் மிருதுவான பென்சிலால் அழுத்தி வரையுங்கள். தாளைக் கவிழ்த்து ரப்பர் மேல் வைத்து நகத்தால் தேய்த்தால் படம் இடவலம் மாறி ரப்பரில் இறங்கும். கோட்டுக்கு வெளிப்புறம் உள்ளதை மட்டும் செதுக்கி நீக்குங்கள். கத்தியை வெளிப்புறமாகச் சாய்த்து வெட்டினால் கோட்டின் அடி உறுதியாக நிற்கும். உட்புறமாகக் குடைந்தால் பத்து அட்டைக்குள் கோடு பிய்ந்துவிடும். கத்தி வேலை பெரியவர்கள் பொறுப்பு. சிறு குழந்தைகளுக்கு வெண்டைக்காய் போதும். குறுக்கே நறுக்கி மையில் தொட்டுப் பதித்தால் பெத்லகேம் விண்மீன் வந்துவிடும். மையை மிகுதியாக ஏற்றாதீர்கள். முத்திரையை நேரே வைத்து, நேரே எடுங்கள்; ஆட்டினால் கறை படியும்.

எழுத்தைச் செதுக்குவதே கடினம். முத்திரையில் தலைமாறி இருப்பதுதான் தாளில் நேராக விழும். நம் முத்துக்குளித்துறை மக்களுக்கு இதில் ஒரு பெருமையுண்டு. புன்னைக்காயலில் உழைத்த அன்றிக்கு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. இந்திய மொழி ஒன்றின் எழுத்துகளிலேயே நம் நாட்டில் அச்சேறிய முதல் நூல் அதுவே. அதற்காக யாரோ ஒருவர் ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் இடவலம் மாற்றிப் பொறுமையாக வெட்டியிருக்கிறார். திருப்பலிக்குரிய ஓஸ்தி சுடும் இரும்புத் தட்டிலும் சிலுவையும் எழுத்தும் அவ்வாறே மாறித்தான் வெட்டப்பட்டிருக்கும். பிறர் கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டுமானால், செய்பவன் தன் பக்கத்திலிருந்து பார்ப்பதை விட்டுவிட வேண்டும். குடும்ப வாழ்வுக்கும் இது பொருந்தாதோ?

யாருக்கு அனுப்புவது?

சிறுவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை விதித்தோம்: திரும்ப அட்டை அனுப்பக்கூடியவர்களுக்கு அனுப்பக் கூடாது. விருந்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்று நம் ஆண்டவர் கற்பித்ததை லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் நீங்கள் வாசித்திருப்பீர்கள், அதே நிபந்தனைதான். கப்பலில் வேலை செய்யும் தந்தையர், மருத்துவமனையில் கிடப்போர், நம்மோடு பேச்சுவார்த்தையற்றுப் போன உறவினர், இவர்களே பட்டியலில் இடம்பெற்றனர். கடைசி வகையில்தான் கடினம் எழுந்தது. ஒரு சிறுவன் தன் பெரியப்பாவுக்கு அட்டை செய்தான். எல்லைச் சுவர் வழக்கொன்றால் இரு வீட்டாரும் பேசி ஆண்டுகளாயின. அவன் தந்தை அட்டையைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை; தடுக்கவுமில்லை. பையனே கொண்டு கொடுத்தான். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. ஆனால் புத்தாண்டன்று பெரியம்மா அவனைக் கூப்பிட்டு ஒரு தட்டு பலகாரம் கொடுத்தனுப்பினார். அதை அவன் தந்தையும் உண்டார் என்று கேள்விப்பட்டோம்.

மற்றொரு சிறுவன் 'அமைதி' என்னும் சொல்லை நேராகவே செதுக்கிவிட்டான். தாளில் அது தலைமாறி விழுந்தது. போதாக்குறைக்கு ஓரத்தில் அவன் கட்டைவிரல் மையும் ஒட்டிக்கொண்டது. அழுதுகொண்டே கிழிக்கப் போனவனைத் தடுத்து, அந்த அட்டையை நாமே எடுத்துச் சென்று, முன்பு நம் கைக்குச் சுகம் கேட்ட ஆச்சியிடம் கொடுத்தோம். எழுத்து தவறிவிட்டது என்று சொல்லி வருந்தவும் செய்தோம். அவர் அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "எனக்கு எழுத்து ஏது சாமி? பிள்ளை வெரலு பட்டிருக்கு, பாத்தீயளா" என்று அந்தக் கறையைத் தடவிக் காட்டினார். இன்றும் அது அவர் வீட்டுத் திருஇருதய ஆண்டவர் படத்தின் கீழே இருக்கிறது. நாம் முத்திரை குத்தி அனுப்பிய அட்டை எங்கே என்று கேட்க நமக்குத் துணிவு வரவில்லை.

அன்புக் குடும்பத்தாரே, கிறிஸ்து பிறப்பு நாளின் பகல் திருப்பலியில் எபிரேயர் திருமுகத்தின் தொடக்கம் வாசிக்கப்படும். அங்கே இறைமகனைக் குறிக்க ஆசிரியர் ஆளும் கிரேக்கச் சொல் 'கரக்டேர்' என்பதாகும். அச்சு அழுந்தியதால் பதிந்த வடிவம் என்பதே அதன் பொருள். தந்தையாம் இறைவன் தம் அன்பை அறிவிக்க வேறொருவரின் கையொப்பத்தைக் குத்தி அனுப்பவில்லை; தம்மையே நம் மண்ணில் பதித்தார். அழிந்துபோகும் தசையில், மாட்டுக் கொட்டிலில், முழுவதுமாகப் பதித்தார்.

இவ்வாண்டு ஒரே ஓர் அட்டையாவது உங்கள் இல்லத்தில் கையால் செய்யப்படட்டும். கோடு கோணலாக இருந்தால் இருக்கட்டும். கொடுக்க வேண்டிய வீடு எது என்பது உங்கள் உள்ளத்துக்குத் தெரியும். நம் கையொப்ப முத்திரையைப் பற்றிக் கேட்பீர்களாயின், அதன் எழுத்துகளைச் செதுக்கி நீக்கிவிட்டு, எஞ்சிய ரப்பரில் ஒரு சிறுவன் விண்மீன் வெட்டியிருக்கிறான். நன்றாகவே பதிகிறது.