யாருடைய பங்கு? ஹோமரின் விதியும் நமது நஸீபும்

கொட்டாஞ்சேனையில் இருக்கும் ராத்தாவின் மகள் உயர்தரத்துக்குக் கிரேக்க உரோம நாகரிகம் எடுத்திருக்கிறாள். அவளுடைய வாப்பா வபாத்தாகி எட்டு மாதம். ஜனாஸா வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் "நஸீப்" என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். போன மாதம் அவள் இலியட்டைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "மாமா, ஹெக்டர் நல்ல மனிசன்தானே. அவன்ட விதி முடிஞ்ச என்டு ஈக்குது. யாரு முடிச்ச? சீயஸா, விதியா?"

உள்ளே இருந்த அவளுடைய வாப்பும்மா, "சிலைக் கதையெல்லாம் புள்ளைக்கு எதுக்கு?" என்றார். அன்றைக்கு இரண்டு பேருக்குமே நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

வாப்பும்மாவின் தயக்கம் பழையது. அப்பாஸியர் காலத்து பக்தாதில் அரிஸ்டோட்டிலும் கேலனும் அரபுக்கு வந்தார்கள்; ஹோமரின் காவியங்கள் அப்படி வரவில்லை. அதில் நிறைந்திருக்கும் தெய்வங்களே அதற்கு ஒரு காரணம் என்பர். இலியட் முழுவதையும் அரபுக் கவிதையில் தந்தவர் சுலைமான் அல்-புஸ்தானி. அது கெய்ரோவில் வெளியானது 1904இல்.

இனி மருமகளின் கேள்வி. இலியட்டின் 22ஆம் பாகத்தில் அகிலீஸ் ஹெக்டரை ட்ரோய் மதிலைச் சுற்றி மூன்று தரம் துரத்துகிறான். நாலாம் சுற்றில் சீயஸ் பொற்றராசு ஒன்றைத் தூக்கி இருவருடைய மரணத்தையும் நிறுக்கிறான். ஹெக்டரின் தட்டு தாழ்கிறது. அதுவரை துணை நின்ற அப்பலோ அந்த நொடியே அவனை விட்டுப் போய்விடுகிறான். அதீனாவோ ஹெக்டருடைய தம்பியின் உருவத்தில் வந்து, "நில், சேர்ந்து அடிப்போம்" என்று நம்ப வைக்கிறாள். ஹெக்டர் ஈட்டியை எறிந்துவிட்டு இன்னொன்றுக்காகத் தம்பியைத் திரும்பிப் பார்க்கிறான். ஒருவரும் இல்லை. அப்போதுதான் அவனுக்கு விளங்குகிறது.

சீயஸால் காப்பாற்ற முடியாதா? 16ஆம் பாகத்தில் அவனுடைய சொந்த மகன் சர்பீடனே சாகப் போகிறான். காப்பாற்றலாமா என்று யோசிக்கிறான். மற்றத் தெய்வங்கள் இதை ஒப்பமாட்டா என்று ஹீரா தடுக்கிறாள். இரத்த மழை பெய்வித்துத் துக்கம் கொண்டாடுகிறான், அவ்வளவுதான். முடியாதா, முடிந்தும் செய்யவில்லையா என்பதை ஹோமர் தீர்த்துச் சொல்லவில்லை.

விதிக்குக் கிரேக்கர் சொல்லும் 'மொய்ரா' என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் பங்கு. நமது 'நஸீப்' என்ற அரபுச் சொல்லுக்கும் பங்கு என்றுதான் பொருள். பழந்தமிழில் 'பால்' என்பது பகுதியையும் குறிக்கும், ஊழையும் குறிக்கும். மூன்று மொழியும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் கண்டு நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சீயஸுக்கு வானம், பொசைடனுக்குக் கடல், ஹேடிஸுக்குப் பாதாளம் என்று அந்தச் சகோதரர்களே சீட்டுப் போட்டுப் பங்கு எடுத்தவர்கள்தான். அவர்களும் பங்காளிகள், பங்கு வைத்தவன் யார் என்று கேட்டால் அங்கே ஆள் இல்லை. 24ஆம் பாகத்தில் சீயஸ் இரண்டு சாடிகளிலிருந்து நன்மை தீமைகளை அள்ளிக் கொடுப்பதாக அகிலீஸ் சொல்கிறான் என்பது உண்மை. ஆனால் எதற்காக இவனுக்கு இது என்று அவனிடம் போய்க் கேட்க வழியில்லை. நமக்குப் பங்கு வைத்தவன் ஒருவன், அவனிடம் கையேந்தலாம். கத்ரைத் திருப்பக்கூடியது துஆதான் என்ற கருத்தில் ஹதீஸே உண்டு. ஜனாஸா வீட்டில் "நஸீப்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம்.

ஹேடிஸில் இறந்தவர்கள் வெறும் நிழல்கள். அங்கே அரசனாக இருப்பதைவிடப் பூமியில் ஓர் ஏழையிடம் கூலிக்கு நிற்பது மேல் என்று, ஒடிஸியில், செத்துப்போன அகிலீஸே சொல்கிறான். மறுமை இல்லாத இடத்தில் மிஞ்சுவது புகழ் ஒன்றுதான். அதைக் 'கிளியோஸ்' என்பார்கள். காதால் கேட்கப்படுவது என்று அர்த்தம். தமிழில் 'இசை' என்றால் ஓசை, புகழ் இரண்டும்தானே!

இந்த வீரயுக ஒற்றுமையை ஆழமாக ஆராய்ந்தவர் நம் நாட்டவரான பேராசிரியர் க. கைலாசபதி. பேர்மிங்ஹாமில் கிரேக்க அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் அவர் செய்த ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்தில் இரண்டு பின்னேரம் இருந்து அதைப் பார்த்தேன். பாணர்கள் வாய்மொழியாகப் பாடிய புறப்பாட்டுகளையும் ஹோமரையும் அருகருகே வைக்கிறார். நடுகல்லும் கிளியோஸும் தூரத்துச் சொந்தக்காரர்கள்.

மறுமையை நம்பும் நமது புலவர்கள் இந்தப் புகழை என்ன செய்தார்கள்? உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் நாட்டுப் படலம், நகரப் படலம் என்று தமிழ்க் காப்பிய வழியை அப்படியே எடுத்தார். பத்ருக் களத்தையும் பாடினார். ஆனால் அங்கே வாளெடுத்தவர்களுக்குப் பின்னால் வருபவர்கள் பாட வேண்டுமென்ற கவலை இல்லை. புகழ் வேறு ஆளிடம் போய்ச் சேர்ந்தது: புலவரை ஆதரித்த கீழக்கரைச் சீதக்காதி, அவருக்குப் பிறகு பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று இன்றைக்கும் சொல்கிறோம். கொன்றதற்கில்லை, கொடுத்ததற்கு.

அடுத்த ஞாயிறு இதையெல்லாம் மருமகளிடம் சொல்லிவிட்டு, 24ஆம் பாகத்தைக் கதையாகச் சொன்னேன். கிழட்டு அரசன் பிரியாம் இரவோடு இரவாக எதிரியின் கூடாரத்துக்குப் போய், மகனைக் கொன்ற கையை முத்தமிட்டு, மய்யித்தைக் கேட்கிறான். இரண்டு பேரும் அழுகிறார்கள்.

வாப்பும்மா தஸ்பீஹைக் கையில் பிடித்தபடி கதவடியில் நின்றிருந்தார்.

"குடுத்தானா?"

"குடுத்தான் உம்மா."

"அப்படியேயா, குளிப்பாட்டியா?"

"குளிப்பாட்டி, எண்ணெய் பூசி, துணி போர்த்தித்தான். அடக்கி முடியும் வரைக்கும் சண்டையையும் நிப்பாட்டினான்."

அவர் வந்து எங்களோடு உட்கார்ந்தார்.