குறட்டை நின்றால் கவனியுங்கள்

வானொலியில் எங்களை மிகவும் பதற வைப்பது மௌனம். 10 விநாடி ஒலி நின்றால் போதும், ஒலிபரப்பு அறை பரபரப்பாகிவிடும். நம் வீடுகளிலோ இரவில் அதே 10 விநாடி மௌனம் வந்து போகிறது. யாரும் பதறுவதில்லை.

குறட்டை விடுபவரைப் பார்த்து, “பாவம், அசதி. நல்லாத் தூங்கட்டும்” என்கிறோம். அந்தக் குறட்டை திடீரென நின்று, சற்றுக் கழித்துத் திணறலோடு மீண்டும் தொடங்கினால் அது நல்ல தூக்கமாக இல்லாமல் இருக்கலாம். தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை அவரை அரைகுறையாக எழுப்பி மூச்சுவிட வைக்கிறது. இதுதான் ‘ஸ்லீப் ஆப்னியா’. மணிக்கு 30 முறை அல்லது அதற்கு மேல் இப்படி நடந்தால் கடுமையான நிலை. காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது.

ஆனால் உடல் தாங்காது. ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் எகிறுகிறது. பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் உயர் ரத்த அழுத்தம், சீரற்ற இதயத்துடிப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கான அபாயம் கூடுகிறது. நீரிழிவோடும் இதற்குத் தொடர்புண்டு. பகலில் வாகனம் ஓட்டும்போது கண் அசந்தால், ஆபத்து மற்றவர்களுக்கும்தான்.

சிங்கப்பூரில் 2016ல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்களில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு இது மிதமான அல்லது கடுமையான நிலையில் இருந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அதுவரை தெரியவே இல்லை.

“குண்டாக இருந்தால்தானே வரும்?” என்று கேட்பவர்கள் உண்டு. உடல் எடை முக்கியக் காரணம்தான். ஆனால் தாடை சிறிதாக இருக்கும் ஒல்லியானவர்களுக்கும் வரும். பெண்களுக்குக் காலைத் தலைவலி, களைப்பு, தூக்கமின்மை என்று மட்டும் தெரியலாம்.

சிகிச்சை இருக்கிறது. 1980ல் சிட்னியில் மருத்துவர் கோலின் சல்லிவன் உருவாக்கிய ‘சீபேப்’ கருவி, முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்தே வைக்கிறது. அது ஆக்சிஜன் சிலிண்டர் அல்ல, பயப்பட வேண்டாம். எடை குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, மதுவைத் தவிர்ப்பது ஆகியவையும் பலருக்கு உதவும்.

தூங்குபவருக்குத் தன் குறட்டை கேட்காது. பக்கத்தில் படுப்பவர்தான் முதல் சாட்சி. இன்றிரவு கைபேசியில் சில நிமிடங்கள் பதிவு செய்யுங்கள். அதைப் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்புவார். “எனக்கு ஒன்றுமில்லை” என்று அப்பா வர மறுத்தால், முதலில் அவருக்கே அதைப் போட்டுக் காட்டுங்கள்.