படிவம் நிரப்பும் முன் பிள்ளையிடம் ஒரு கேள்வி



பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பிறகு நமது அறக்கட்டளையில் கல்லூரி விண்ணப்பம் நிரப்பித் தர உட்காருகிறோம். வருகிற பிள்ளைகளிடம் மதிப்பெண்ணைக் கேட்கும் முன் நான் கேட்பது ஒன்றுதான்: "ஏன் காலேஜ் போறே?"

"அத்தா சேரச் சொன்னாங்க." "கூட்டாளி அங்கதான் சேர்றான்." "சும்மா வீட்ல இருக்க முடியாதுல்ல, பாய்." பெண் பிள்ளைகளாக இருந்தால் பல நேரம் அம்மாவே முந்திக்கொள்கிறார்: "நல்ல இடம் அமையற வரைக்கும் படிக்கட்டும்." வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க வேண்டும் என்று நேராகச் சொல்லும் பிள்ளைகளும் உண்டு. அது நல்ல பதில்தான், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பெண் சொன்ன பதில் இன்னும் நினைவில் இருக்கிறது. "எங்க அத்தா கடைக் கணக்கை வெளி ஆளு எழுதறாரு. அதை நான் எழுதணும்." பி.காம். சேர்ந்தாள். இன்று வரை ஒரு அரியர் கிடையாது.

அதே வருடம் ஒரு பையனுக்கு வேதியியலில்தான் இடம் கிடைத்தது. அவன் கேட்டது அதையல்ல. "எதாவது ஒரு டிகிரி" என்றார்கள் வீட்டில். நானும் சரியென்று அதையே பதிவு செய்தேன். முதல் ஆண்டில் இரண்டு பாடம் போயிற்று, இரண்டாம் ஆண்டில் அது ஐந்தானது. இப்போது புதுச்சேரியில் செல்போன் கடையில் நிற்கிறான். அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இந்தக் கேள்வியை இப்போது விடாமல் கேட்கிறேன். காரணம் தெரிந்தால்தான் எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று முடிவு செய்ய முடியும்.

இடம் கிடைப்பதே பெரிய விஷயமாக இருந்த காலமும் இருந்தது. அதில் நம் ஊருக்கு ஒரு தொடர்பு உண்டு. ஓமந்தூர் பி. இராமசாமி ரெட்டியார் 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தார். 1947 இல் அவருடைய அரசு வகுப்புவாரி ஒதுக்கீட்டை மாற்றியமைத்தது. ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. அரசு மருத்துவக் கல்லூரி, பொறியியல் கல்லூரி இடங்களும் இந்த விகிதப்படியே நிரப்பப்பட்டன. நாட்டுப் பிரிவினை நடந்த அதே ஆண்டில், நம்மைப் பற்றிச் சந்தேகப் பேச்சுகள் ஊரெல்லாம் இருந்த நேரத்தில், அந்த ஓர் இடம் நமக்கென்று எழுதப்பட்டது. இந்த ஊர்க்காரர்கள் இதை மறக்கலாகாது என்பது என் எண்ணம்.

செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. அதே ஆண்டில் அரசியலமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, பிற்படுத்தப்பட்டோருக்கு இடம் ஒதுக்க வழி பிறந்தது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கென்று தனியாக 3.5 சதவீதம் வந்தது 2007 இல். 60 பேர் படிக்கும் ஒரு வகுப்பில் அது சுமார் இரண்டு இடம். இதைத் தவிர பொது இடங்களிலும் நம் பிள்ளைகள் மதிப்பெண்ணால் போட்டியிடலாம். அந்த இரண்டு இடத்துக்கும் நம்மில் ஆள் விண்ணப்பிக்காவிட்டால் அது வேறு பிரிவுக்குப் போய்விடும். யாரையும் குறை சொல்ல முடியாது.

இங்கே சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, லப்பை (ராவுத்தர், மரைக்காயர் இதில் அடக்கம்), மாப்பிள்ளா, ஷேக், சையத். பள்ளிப் பதிவேட்டில் வெறுமனே "முஸ்லிம்" என்று இருந்தால் ஒதுக்கீட்டுக்கு அது போதாது. உட்பிரிவு குறிப்பிட்ட சாதிச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலக விசாரணை முடிந்து கைக்கு வர நாளாகும். கலந்தாய்வுக்கு முந்தின நாள் ஓடி வந்து அழுத தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். பிளஸ் ஒன் படிக்கும்போதே வாங்கி வையுங்கள்.

தூரம் என்று சொல்லவும் இன்று அதிகக் காரணமில்லை. திண்டிவனத்தில் திரு. ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, பெண்களுக்கென்று எம்.ஜி.ஆர். அரசு கலை அறிவியல் கல்லூரி, சட்டக் கல்லூரி. முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் பொறியியல் கலந்தாய்வில் கற்பிப்புக் கட்டணச் சலுகை உண்டு.

இருந்தும் நம் எண்ணிக்கை குறைவுதான். 2021-22 ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வுப்படி நாட்டில் உயர்கல்வி படிப்போர் 4.33 கோடி. அதில் முஸ்லிம்கள் சுமார் 21 லட்சம், அதாவது நூற்றுக்கு ஐந்து பேர் கூட இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் நாம் நூற்றுக்கு பதினான்கு பேர்.

"படிச்சவனே வேலையில்லாம சுத்தறான், பாய்" என்று கேட்பீர்கள். உண்மைதான். பொறியியல் முடித்துவிட்டு வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் பிள்ளை நம் மஹல்லாவிலும் இருக்கிறான். பட்டம் வேலையைக் கையில் கொடுத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். குரூப் 2 தேர்வும் வங்கி அதிகாரித் தேர்வும் எழுதப் பட்டம் கேட்கிறார்கள். பட்டம் இல்லாதவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் விண்ணப்பிக்கவே முடியாது. வளைகுடாவில் கணக்காளர், பொறியாளர் போன்ற பதவிகளுக்குச் சான்றொப்பம் பெற்ற பட்டச் சான்றிதழைக் கேட்கிறார்கள். அது இல்லாமல் போன நம் பிள்ளைகள் பத்து வருடம் கழித்தும் போன வேலையிலேயே இருக்கிறார்கள். பிளஸ் டூ முடித்தவனுக்குக் கடையில் உடனே சம்பளம் கிடைக்கும். வீட்டு நிலைமைக்காக அதற்கு அனுப்புகிற பெற்றோரை நான் குறை சொல்வதில்லை. அவனைத் தொலைநிலைக் கல்வியிலாவது சேர்த்து வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் சற்று அழுத்திச் சொல்கிறேன். நம் உதவித்தொகைப் பட்டியலில் கணவரை இழந்த ஒரு சகோதரி இருக்கிறார். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நிக்காஹ் ஆயிற்று, மூன்றாம் ஆண்டு எழுதவில்லை. இரண்டு பிள்ளைகள். ஒரு பள்ளியில் அலுவலக வேலை காலியாக இருப்பதாகச் சொல்லி அழைத்துப் போனேன். "டிகிரி முடிச்சிருக்கீங்களா?" என்றார்கள். அவர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். நிச்சயம் பேசும்போதே மூன்றாம் ஆண்டு முடிக்க வேண்டும் என்பதையும் பெரியவர்கள் முன்னிலையில் பேசிவிடுங்கள். நகை பற்றியும் விருந்து பற்றியும் பேசத் தயங்காத நமக்கு இதைக் கேட்க என்ன தயக்கம்?

வரும் வெள்ளிக்கிழமையும் அஸர் வரை இருப்போம். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார், பாஸ் புத்தகம், இரண்டு போட்டோ கொண்டு வாருங்கள். கேள்வியை முந்தின இரவே பிள்ளையிடம் கேட்டுவிடுங்கள். போன வாரம் ஒரு பையன் பதில் தெரியாமல் திரும்பிப் போனான். மூன்று நாள் கழித்து வந்து, "கரன்ட் வேலை பிடிக்கும் பாய், பாலிடெக்னிக் போறேன்" என்றான். அவன் அத்தாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். படிவம் நிரப்பியாயிற்று.